விரலுக்கேற்ற வீக்கம்

பெரிய எண்ணைக் கண்டால் மதிப்பது மனித இயல்பு. மதிப்பெண் மிகுதியாயிருந்தால் மாணவன் சிறந்தவன். மாடிகள் பலவாயிருந்தால் வீடு சிறந்தது. உருப்பெருக்கம் மிகுதியாயிருந்தால் பைனாகுலர் சிறந்தது! முதல் இரண்டையும் பற்றி வாதிட இது இடமன்று. மூன்றாவதைப் பற்றி மட்டும் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். காரணம் வெளிப்படை. நம் மன்றம் ஒரு பைனாகுலர் வாங்கப் போகிறது. அதற்கான பணம் நம் ஒவ்வொருவர் பையிலிருந்தும் போன பணம்.

கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காகச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரும் குளிர்காலத்தில் பரத்பூர் சென்று பறவைகளைக் கண்டுவருவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவாயிற்று. ஞாயிறுதோறும் நம் மன்றத்தார் பாடம் சொல்லிக்கொடுக்கும் இருபது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வதென்றும் முடிவாயிற்று. தமிழகத்திலிருந்து தில்லிக்குக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். நாம் படிக்க வந்த ஊருக்கு அவர்கள் பிழைக்க வந்தவர்கள். ஆகவே அந்த முடிவை ஒருவரும் எதிர்க்கவில்லை என்பதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி. சேர்ந்த தொகையில் பன்னிரண்டாயிரம் ரூபாயைப் பைனாகுலருக்கு என ஒதுக்கினோம்.

எந்தப் பைனாகுலர் என்ற கேள்வி எழுந்தபோதுதான் கருத்து வேறுபட்டது. "20×50 வாங்குவோமே! 8×42 விலையும் 20×50 விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டைவிட இருபது பெரிதல்லவா?" என்றார் ஒரு நண்பர். கைதட்டல் கிடைத்தது. "10 முதல் 30 வரை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் ஜூம் வகையே வாங்கலாம்" என்றார் மற்றொருவர். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இயற்பியல் முதுகலை படிக்கும் நான் இந்த இடைவேளையில் வாய்மூடியிருப்பது முறையன்று. என் கருத்து இதுதான்: நமக்கு வேண்டியது 8×42. இருபதும் வேண்டா, ஜூமும் வேண்டா. ஏன் என்று சொல்கிறேன். தவறென்று தோன்றினால் தோழர்கள் மறுக்கலாம்.

பைனாகுலரின் மேல் 8×42 என்று பொறித்திருந்தால் அதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதல் எண் உருப்பெருக்கம். எட்டு என்றால், 80 மீட்டர் தொலைவில் நிற்கும் நாரை 10 மீட்டர் தொலைவில் நிற்பதுபோல் தோன்றும். இரண்டாவது எண், பொருளை நோக்கி இருக்கும் பெரிய லென்சின் விட்டம். அது மில்லிமீட்டர்க் கணக்கு. ஒளி உள்ளே நுழையும் வாசல் அந்த லென்ஸ். வாசலின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 50 மி.மீ. லென்ஸ், 25 மி.மீ. லென்சைக் காட்டிலும் நான்கு மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. பெரிய வாசலுக்குப் பெரிய கண்ணாடி வேண்டும். பெரிய கண்ணாடிக்கு எடை வேண்டும். எடைக்குக் கழுத்து வேண்டும். எதுவும் சும்மா கிடைப்பதில்லை.

இருபதுக்கும் எட்டுக்கும் விலை ஏன் ஒன்றாயிருக்கிறது என்ற கேள்வியை நண்பர் எழுப்பினார். நல்ல கேள்வி. பெரிய லென்சின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். கூடு, பட்டகம், பெரிய லென்ஸ் எல்லாம் அப்படியே இருக்க, கண்ணருகு லென்சை மட்டும் குறுகிய குவியத் தூரம் உடையதாக மாற்றிவிட்டால், 10×50 என்பது 20×50 ஆகிவிடும். செய்பவனுக்குச் செலவு அதிகமில்லை. எண்ணைக் கூட்டுவது எளிது. ஒளியைக் கூட்டுவதுதான் அரிது. வாசல் அதே 50 மி.மீ. ஆயிருக்க, உருவத்தை நீளத்தில் இரண்டு மடங்கும் அகலத்தில் இரண்டு மடங்கும் விரிக்கிறோம். அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. ஒரு கரண்டி மாவைக் கல்லில் விரிக்க விரிக்கத் தோசை அகலும், ஆனால் மெலியும். விடுதி உணவகத்துத் தோசையைத் தின்றவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பைனாகுலரை முழங்கை நீள நீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கி வைத்து, கண்ணருகு லென்சைப் பாருங்கள். அதன் நடுவே சிறிய ஒளிவட்டம் ஒன்று தெரியும். திரண்ட ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியேதான் நம் கண்ணுக்குள் நுழைகிறது. அதன் விட்டம், இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ.; 10×50-க்கு 5 மி.மீ.; 20×50-க்கு 2.5 மி.மீ. மட்டுமே. முப்பதில் வைத்த ஜூமுக்கு, லென்ஸ் 50 ஆயிருந்தாலும், 1.7 மி.மீ. தான்.

இனி நம் கண்ணைப் பார்ப்போம். கண்மணியும் ஒரு வாசலே. நண்பகல் வெயிலில் அது 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அப்போது 2.5 மி.மீ. ஒளிவட்டமே போதும், எட்டுக்கும் இருபதுக்கும் வெளிச்சத்தில் வேறுபாடு தோன்றாது. கடைக்காரர் பட்டப்பகலில் வாசலுக்கு அழைத்துவந்து எதிர்க்கட்டடத்தைக் காட்டும்போது எல்லாப் பைனாகுலரும் நல்லவையாகத் தெரிவது இதனால்தான். ஆனால் பறவைகள் நண்பகலுக்குக் காத்திருப்பதில்லை. விடியலிலும் அந்தியிலும்தான் அவை மேய்கின்றன, பறக்கின்றன, குரல் கொடுக்கின்றன. அந்த மங்கலில் இளைஞர்களின் கண்மணி 5 மி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 8×42 அந்த வாசலை நிரப்புகிறது. 20×50 தரும் ஒளிவட்டமோ அதில் பாதி விட்டம். ஆகவே காட்சியின் வெளிச்சம் கால்பங்கு. பெரிதாக்கப்பட்ட இருட்டைப் பார்ப்பதற்கா பரத்பூர் வரை செல்கிறோம்?

அடுத்தது கை. எந்தக் கையும் அசையாமல் நிற்பதில்லை. மூச்சு அசைக்கிறது, நாடி அசைக்கிறது, டிசம்பர் மாதத்துக் குளிர் அசைக்கிறது. பைனாகுலர் பறவையை மட்டும் பெருக்குவதில்லை. கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெருக்குகிறது. எட்டில் நடுக்கம் எட்டு மடங்கு, இருபதில் இருபது மடங்கு. பத்துக்கு மேல் போனால் வெறுங்கையால் பிடித்துப் பார்ப்பது பெரும்பாலோர்க்கு இயலாது. பெருக்கத்தால் கிடைக்கும் நுணுக்கத்தை நடுக்கம் அழித்துவிடுகிறது. ஐயமுடையோர் ஒரு சோதனை செய்யலாம். தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையில் மிகச் சிறிய எழுத்து எதுவரை படிக்க முடிகிறது என்று, முதலில் வெறுங்கையாலும் பின்னர்ச் சுவரில் சாய்ந்தும் பாருங்கள். எட்டில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு. இருபதில் மிக அதிகம். அந்த வேறுபாடுதான் நாம் பணம் கொடுத்தும் பெறாத பகுதி.

மூன்றாவது, பார்வைப் பரப்பு. என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பொதுவாக ஒரு 8×42, ஆயிரம் மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 130 மீட்டர் அகலத்தைக் காட்டும். ஒரு 20×50 காட்டுவது 55 அல்லது 60 மீட்டர். இதையே 50 மீட்டர் தொலைவுக்குச் சுருக்கினால், முன்னதில் ஆறரை மீட்டர் அகலம். பின்னதில் மூன்று மீட்டருக்கு மேல் இல்லை. பெரிய கருவேல மரமொன்றில் எங்கோ ஒரு கிளையில் அமர்ந்த மீன்கொத்தியைத் தேட வேண்டும் என்று வையுங்கள். முதலாவதில் மரத்தின் பெரும்பகுதி தெரியும், பறவையும் தெரியும். இரண்டாவதில் இலை தெரியும், மற்றோர் இலை தெரியும், வானம் தெரியும், பறவை பறந்துவிட்டிருக்கும்.

நாம் முப்பது பேர், பிள்ளைகள் இருபது பேர், பைனாகுலர் ஒன்று. ஏரிக்கரையில் வரிசையாக நின்று பார்த்தால் ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். அவ்வளவே. சென்ற ஞாயிற்றுக்கிழமை பாடம் முடிந்ததும் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணா, எங்களுக்கும் அதைக் கையில குடுப்பீங்களா? இல்ல பெரியவங்க மட்டுந்தானா?" என்று கேட்டாள். கையில் கொடுப்போம் என்று சொன்னேன். நாம் இருபதை வாங்கினால் அவளுக்கும் கையில் கொடுப்போம்தான். ஆனால் அவளுடைய நிமிடம் பறவையைத் தேடுவதிலேயே கழியும். பின்னால் நிற்பவன் முதுகைத் தட்டுவான். "தெரிஞ்சுதா?" என்று நாம் கேட்போம். நம்மை வருந்தவிடக் கூடாதென்று, "தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துவிடுவாள். குழந்தைகள் அப்படித்தான் செய்வார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரு குழந்தை ஒரு பறவையைக் காண முடியுமா? நம் பைனாகுலரைத் தேர்ந்தெடுக்க நான் முன்வைக்கும் அளவுகோல் இது ஒன்றே.

இதனால் எட்டைத் தவிர மற்றவையெல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் நம் ஊரில். வேலைக்கு வேலை விரல் வேறு. மன்றத்துக்கு வாங்குவது ஒருபுறமிருக்க, தமக்கென வாங்க நினைக்கும் தோழர்களுக்கும் பயன்படுமென்று சிலவற்றைச் சொல்கிறேன்.

நம் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரிட்ஜ் காட்டில் நடப்பவர்க்கு உருப்பெருக்கம் பெரிதாக வேண்டா. பறவைகள் இருபது முப்பது மீட்டருக்குள்ளேயே இருக்கும். ஆனால் நிழல் அடர்த்தி, தேன்சிட்டும் கதிர்க்குருவியும் ஓரிடத்தில் நில்லா. ஏழோ எட்டோ போதும். பார்வைப் பரப்பு அகலமாக இருக்கவேண்டும். 8×32 எடை குறைந்தது. நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது. வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்கள், எவ்வளவு அருகில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டும் என்பதையும் கேட்டு வாங்கவேண்டும். இரண்டு மீட்டர் அளவுக்கு வருவது நல்லது.

யமுனைக் கரையில் ஓக்லாவிலோ, பரத்பூரிலோ நீர்ப்பறவை பார்ப்பவர்க்கு 8×42 அல்லது 10×42. எண்பது மீட்டரில் நிற்கும் நாரையை முன்னது 10 மீட்டரிலும் பின்னது 8 மீட்டரிலும் காட்டும். இரண்டு மீட்டர்தான் ஆதாயம். அதற்காக ஒளிவட்டத்தை 5.25-லிருந்து 4.2-க்குக் குறைத்துக்கொள்கிறோம். கை நிதானமும் பழக்கமும் உடையவர்கள் பத்தை விரும்புவதுண்டு, குறை சொல்வதற்கில்லை. விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் புலி பார்க்கச் செல்வோர்க்கு எட்டுதான் ஏற்றது. ஜீப்பின் நடுக்கம் கையின் நடுக்கத்தோடு சேர்ந்துகொள்ளும்.

இமயமலைப் பாதைகளில் மூட்டை சுமந்து ஏறும் தோழர்கள் 8×25 போன்ற மடக்கு வகையை எடுத்துச் செல்லலாம். எடை ஏறத்தாழ 300 கிராம். ஒளிவட்டம் 3 மி.மீ. அளவே, ஆனால் மலை வெளிச்சத்தில் பகல் முழுவதும் அது போதும். மாலை மங்கினால் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான். கிரிக்கெட் அரங்குக்கும் இதுவே பொருத்தம். ஆட்டக்காரர் ஓடும் திசைக்கெல்லாம் திருப்ப வேண்டியிருப்பதால் அங்கும் பத்துக்கு மேல் தொல்லை. உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டா என்று மட்டும் முன்னரே கேட்டுக்கொள்க.

கடலுக்குப் போகிறவர்களிடம் 7×50 இருப்பதைக் கண்டிருப்பீர்கள். கப்பலில் கால் நிலைகொள்ளாது. ஆகவே ஏழுக்கு மேல் ஆகாது. இரவுக் காவலில் கண்மணி நன்றாக விரியும். இளமையில் முழு இருட்டில் அது 7 மி.மீ. வரை விரியக்கூடும், 50-ஐ ஏழால் வகுத்தால் 7.1. கடற்படையினர் இவ்வெண்ணைச் சோதிடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வயது ஏற ஏறக் கண்மணி விரியும் அளவு குறைகிறது. ஐம்பதைக் கடந்த நம் பேராசிரியர்கள் 7×50 வாங்கினால், வரும் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள் நுழையாமலே வீணாகும். அவர்களுக்கு ஐந்து மி.மீ. ஒளிவட்டம் போதும்.

வானத்தைப் பார்க்க விரும்புவோர்க்கு 10×50 நல்ல தொடக்கம். கார்த்திகை மீன்கூட்டம் அதில் காட்டும் அழகை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். நிலாவின் பள்ளங்களும், ஒரியன் மண்டலத்து மூன்று விண்மீன்களுக்குக் கீழே உள்ள ஒளிமுகிலும் தெரியும். சுவரில் சாய்ந்து பிடித்தால் வியாழனின் பெருநிலவுகளையும் காணலாம். கலிலியோ 1610 சனவரியில் அவற்றைக் கண்டது ஏறக்குறைய இருபது மடங்கு பெருக்கும் தொலைநோக்கியால். 'பார்த்தீரா, இருபது!' என்று நண்பர் துள்ளக்கூடும். அவர் கண்டது ஒற்றைக் குழல். ஐம்பது பேர் வரிசையில் நிற்கவில்லை. வியாழன் கிளை விட்டுக் கிளை தாவுவதும் இல்லை. 15×70 போன்ற பெரிய பைனாகுலர்கள் வானத்துக்கு மிகச் சிறந்தவை. ஆனால் ஒன்றரைக் கிலோ அளவு எடை, முக்காலியில்லாமல் பயன்படா. எதுவாயினும், பைனாகுலரால் சூரியனை ஒருகணமும் பார்க்கக் கூடாது. கண் நிலையாகக் கெட்டுவிடும். பிள்ளைகளிடம் கருவியைக் கொடுக்குமுன் சொல்லவேண்டிய முதற்பாடம் இதுவே.

இனி, இருபதுக்காக வாதிடுவோர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முக்காலியில் பூட்டி, நல்ல வெளிச்சத்தில், நகராத பொருளைப் பார்த்தால், இருபது எட்டைவிட அதிகம் காட்டும், அதில் ஐயமில்லை. ஏரியின் நடுவே மிதக்கும் வாத்துக் கூட்டத்தில் எது ஊசிவால், எது தட்டைவாயன் என்று பிரித்தெண்ண வேண்டுமானால் அதிகப் பெருக்கம் வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு உரியது முக்காலியில் நிற்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி. கையில் பிடிக்கும் இருபது, இரண்டு வேலைக்கும் அரைகுறை. கையசைவைத் தானே ஈடுசெய்யும் பைனாகுலர்களும் இன்று கடைகளில் உண்டு. அவற்றின் விலை நம் நிதிக்கு எட்டாது. தில்லிக் குளிர்காலத்தையும் மறக்க வேண்டா. புகையும் பனியும் கலந்து நிற்கும் காற்றில் பெருக்கத்தைக் கூட்டினால் பறவையோடு புகையும் பெரிதாகும்.

ஜூம் வகையைப் பற்றி ஒரே சொல். இரண்டு குழல்களிலும் உள்ள லென்சுகள் ஒரே அளவில், ஒரே நேரத்தில், பிசகாமல் நகரவேண்டும். இது கடினமான வேலை; கடினமான வேலைக்கு விலை உண்டு. மலிவான ஜூமில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு அளவு உருவம் தெரிந்து தலைவலிதான் மிஞ்சும். குறைந்த பெருக்கத்திலும் அதன் பார்வைப் பரப்பு குறுகலாகவே இருக்கும்.

8×42 என்று முடிவு செய்தபின்னும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. கடைவீதியில் உள்ளங்கையில் அடங்கும் சிறு பைனாகுலர்மீது 30×60 என்று பொறித்து விற்கிறார்கள். ஓர் அளவுகோல் போதும், உண்மை வெளிப்படும். முன்லென்சின் விட்டத்தை அளந்து பாருங்கள், அறுபது இராது. பின்னர் ஒளிவட்டத்தின் விட்டத்தை அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். உண்மையான உருப்பெருக்கம் கிடைத்துவிடும். கணக்கு தெரிந்த மாணவனை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது.

லென்சின் மேற்பூச்சையும் பார்க்கவேண்டும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடுகிறது. பன்னிரண்டு பரப்புகள் இருந்தால் ஏறத்தாழ நாற்பது பங்கு போய்விடும். ஒளியைச் சேர்க்கப் பெரிய லென்சு வாங்கி, உள்ளே அதை இழப்பதில் பொருளில்லை. எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உடையதையே கேட்டு வாங்குக. லென்சில் மென்பச்சையோ ஊதாவோ மங்கலாகத் தெரிவது நல்ல அடையாளம். கண்ணாடிபோல் சிவப்பாகப் பளபளப்பது அழகுக்கு மட்டுமே.

குழலின் வடிவம் இரண்டு வகை. முன்லென்சுகள் அகன்று, கண்ணருகு நெருங்கி, நடுவில் வளைந்திருப்பது போரோ வகை. இத்தாலியரான போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பு அது. நேர்க்குழலாக இருப்பது கூரைப்பட்டக வகை. கையடக்கமானது, நீர் புகாதபடி செய்வதும் எளிது. ஆனால் குறைந்த விலையில் போரோ வகையே தெளிவான காட்சி தரும். நம் பன்னிரண்டாயிரத்துக்குள் நல்ல போரோ வகை 8×40 இரண்டு கிடைக்குமானால், ஒன்றுக்கு இரண்டாக வாங்குவதை நான் மனமார ஆதரிப்பேன். பிள்ளைகளின் ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாகும் அல்லவா?

மூக்குக்கண்ணாடி அணிந்தவர் நம்மிடையே பாதிப்பேர். அவர்களுடைய கண் லென்சிலிருந்து சற்று விலகியே இருக்கும். 15 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தொலைவிலிருந்தும் முழுக் காட்சி தெரிகிறதா, கண்ணருகிலுள்ள இரப்பர் விளிம்பு உள்ளே இறங்குகிறதா என்று அவர்களில் ஒருவரே கடைக்கு வந்து பார்க்கவேண்டும். அதிகப் பெருக்கமுள்ள மலிவுப் பைனாகுலர்களில் இந்தத் தொலைவு பெரும்பாலும் மிகக் குறைவு. அவ்வாறே, பெரியவர்களுக்கு இரு கண்மணிகளுக்கும் இடையே 60 முதல் 65 மி.மீ. வரை இருக்கும்; சிறுவர்க்கு இன்னும் குறைவு. இரண்டு குழல்களும் 55 அல்லது 56 மி.மீ. வரை நெருங்குகின்றனவா என்று அளந்து பார்க்கவேண்டும். இல்லையேல் பிள்ளைகள் ஒரு கண்ணால்தான் பார்ப்பார்கள். நம்மில் கடைக்குப் போகிறவர் யாராயினும் அளவுகோலை மறக்காமல் எடுத்துச் செல்லட்டும்.

வாங்கியபின் பயன்படுத்தும் முறையையும் எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குக. பின்னர் இடக்கண்ணை மூடி, வலப்புறக் கண்ணருகு வளையத்தைத் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குக. அதன்பின் நடுச்சக்கரம் ஒன்றே போதும். பறவையைக் கண்ணால் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்தது. புறப்படுமுன் ஒரு ஞாயிறு இதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடலாம். விடுதி மாடியில் புறாக்களுக்குப் பஞ்சமில்லை.

பரத்பூர் ஏரிகளுக்கு ஒருகாலத்தில் சைபீரியாவிலிருந்து வெண்கொக்குகள் வந்துகொண்டிருந்தன. 1985-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபோதும் வந்தன. 2002-க்குப் பின் அவை அங்கே காணப்படவில்லை. இனி எத்தகைய பைனாகுலர் வாங்கினாலும் அவற்றை நாம் அங்கே காண முடியாது. ஆனால் மஞ்சள்மூக்கு நாரை இருக்கிறது. சாரசக் கொக்கு இருக்கிறது. என் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் வரை பறந்துவரும் வரித்தலை வாத்தின் உறவினர் அங்கும் குளிர்காலத்தில் இறங்குகின்றனர். பிறந்த ஊரிலிருந்து நெடுந்தொலைவு வந்து வாழும் பிள்ளைகள், தம்மைப்போலவே நெடுந்தொலைவு வந்திறங்கிய பறவைகளைத் தெளிவாக, நடுங்காமல், இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும். அதற்குத்தான் இந்தப் பன்னிரண்டாயிரம்.

அடுத்த கூட்டத்தில் கை உயர்த்துமுன் தோழர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். எட்டு என்பது சிறிய எண்தான். அந்தப் பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் அதுவே சரியான எண்.